சாமைக்குள் ஒரு கைப்பேசி

கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. தூத்துக்குடிக்காரனுக்கு வெளியூர் வந்துவிட்டதை முதலில் சொல்வது மூக்குதான். எங்கள் காற்றில் எந்நேரமும் உப்பும் கருவாடும் கலந்திருக்கும். இங்கே பேருந்து நிலையத்தின் டீசல் புகையைத் தாண்டி, எங்கிருந்தோ கரும்புச் சாற்றின் இனித்த வாடை வந்துகொண்டிருந்தது. நான் பைகளைச் சரிபார்த்து நிமிர்வதற்குள், என் மனைவி ஜெயா சுற்றி நின்ற தலைகளுக்கு மேலே இரண்டு கைகளையும் உயர்த்திப் பேச ஆரம்பித்திருந்தாள்.

நிலையத்தின் மறுகோடியில், டீக்கடைப் பக்கம், ஊதாப் புடவை கட்டிய ஒருத்தி அதேபோல் கைகளை உயர்த்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவே பேருந்துகள் ஹாரன் அடித்தன. நடத்துநர்கள் சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் என்று கூவினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே நான் கத்த வேண்டும். இவர்கள் இருவரும் பயணம் எப்படி, சாப்பிட்டாயா, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள்.

ஊதாப் புடவைக்காரி அலமேலு. அவளுக்கும் ஜெயாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளி விடுதியில் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். அலமேலுவின் மகளுக்குக் கல்யாணம் என்பதால்தான் இந்தப் பயணம். எனக்குக் காது கேட்கும். துறைமுகத்தில் சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. ஜெயாவைக் கட்டிய பிறகுதான் கைமொழி கற்றேன். என் கைமொழியில் இன்னமும் வெளியூர்க்காரன் வாடை அடிக்கிறது என்பது ஜெயாவின் அபிப்பிராயம். அவர்கள் கையால் பேசியதை இங்கே எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

அலமேலுவின் கணவர் ஏழுமலை, கச்சிராயபாளையத்தில் கரும்பு விவசாயம் செய்பவர், என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார். அவருக்கும் காது கேட்கும்.

"இன்னா சார், ரெண்டு பேரும் இங்கியே ஆரம்பிச்சிட்டாங்களா? வாங்க, நாம போயி வண்டில குந்தலாம். அவங்க முடிச்சிட்டு வரட்டும்."

கச்சிராயபாளையம் போகும் வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போயின. வண்டி ஒரு வளைவில் திரும்பியதும் எதிரே மலை நின்றது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் உப்பளத்துக் குவியல்தான். அதையும் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். இது வயல்களின் முடிவிலிருந்து நேராகக் கிளம்பி, மேகத்துக்குள் போய் மறைந்தது. "அதுவா, கல்வராயன் மல" என்றார் ஏழுமலை, பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டுகிறவர்போல. "கல்யாணம் முடியட்டும். இட்டுக்கினு போறேன்."

மறுநாள் கல்யாண மண்டபத்தில் நான் பார்த்ததை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அலமேலுவின் பள்ளித் தோழிகளும் தோழர்களும் பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். மேளக்காரர்கள் தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் முழக்கியபோது காது கேட்பவர்கள் எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தோம். அவர்களோ மண்டபத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, பந்தி பரிமாறுகிறவர்களின் தலைக்கு மேலாக, நிதானமாக ஊர்க்கதை பேசினார்கள். மேடையில் தாலி ஏறிய கையோடு மணப்பெண் கீழே நின்ற அம்மாவைப் பார்த்துக் கையால் ஏதோ சொன்னாள். அலமேலு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், பதில் சொன்னாள். ஐயர் உட்பட யாருக்கும் அது கேட்கவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவில் தாயும் மகளும் தனியாக இருந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் பொங்கலும் வடையும், மதியம் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. மீன் இல்லாமல் கை சோற்றில் இறங்குமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இறங்கியது. "இன்னா சார், கம்மியா சாப்புடறீங்க" என்று ஏழுமலையின் தம்பி இலையை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாள், நாங்கள் நால்வரும் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினோம். கோமுகி அணையின் தண்ணீர் இடதும் வலதுமாக மாறி மாறித் தெரிந்து, கடைசியில் கீழே ஒரு தட்டில் ஊற்றிவைத்ததுபோல் ஆகிவிட்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுநர் முழு உடம்பையும் திருப்பி வண்டியை வளைத்தார். பக்கத்து வரிசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கோ கம்பியை விட மனம் வரவில்லை.

எங்களுக்கு முன்னால் ஜெயாவும் அலமேலுவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயா தன் கைப்பேசியில் அலமேலுவுக்கு ஒரு வீடியோவைக் காட்டினாள். அலமேலு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, "இது எந்த ஊர்க் கைமொழி? எனக்கு ஒன்றுமே புரியவில்லையே" என்று கேட்டாள்.

"எந்த ஊரிலும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும்தான்" என்றாள் ஜெயா.

அந்த வீடியோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயாவின் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. கைமொழி என்று ஒன்று இருப்பதும் அவருக்குத் தெரியாது. மகள் பள்ளி விடுதிக்குப் போகும் வயது வருவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து தாங்களாகவே ஒரு மொழியை உண்டாக்கிவிட்டார்கள். விரல் நுனியை நாக்கில் வைத்து உதறினால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். இரண்டு கையாலும் காதை மூடினால் அது பள்ளிக்கூடம். புருவமும் உதடும் தோளும் சேர்ந்துதான் ஒரு வாக்கியம் ஆகும். பள்ளிக் கைமொழி தெரிந்த எனக்கும் அதில் கால்வாசிதான் பிடிபடும். அவர்கள் இருவரும் வேகம் எடுத்துவிட்டால் அதுவும் இல்லை. அம்மா தவறுவதற்கு முந்தைய மாதங்களில் ஜெயா அவரை உட்காரவைத்து, பேசச் சொல்லி, இந்தக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தாள். உலகத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இப்போது இல்லை. மீதி இருந்தது ஜெயாவும் அந்த வீடியோக்களும்.

வெள்ளிமலைக்கு முன்பே பெரியார் அருவியில் இறங்கிக்கொண்டோம். சாலையிலேயே குளிர் தொட்டது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கிப் போகப் போக ஒரு முழக்கம் வளர்ந்தது. மேலே பாறை விளிம்பிலிருந்து அருவி வெள்ளை வெள்ளையாக இறங்கி, பாறைப் படிகளில் உடைந்து, கீழே ஒரு மடுவில் விழுந்துகொண்டிருந்தது. இதை முதலில் கேட்டது நான்தான் என்று நினைத்தேன். இல்லை. ஜெயா எனக்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு, பாறையில் உள்ளங்காலை அழுத்தி நின்றிருந்தாள். "இங்கே வரைக்கும் வருகிறது" என்று மார்பைத் தொட்டுக் காட்டினாள். நானும் செருப்பைக் கழற்றினேன். உண்மைதான். பாறை அதிர்ந்துகொண்டிருந்தது. என் காது அதுவரை அதை மறைத்து வைத்திருந்தது.

அலமேலு தண்ணீரில் நனைவதை எடுக்கத்தான் ஜெயா விளிம்புக்குப் போனாள். பாசியில் கால் வழுக்கியது. நான் அவள் தோளைப் பிடித்துவிட்டேன். கைப்பேசி மடுவுக்குள் போய்விட்டது.

ஜெயாவின் குரலை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டேன். அருவிச் சத்தத்தையும் மீறி அது எட்டியதும், மடுவின் அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தோளில் மஞ்சள் துண்டு போட்ட ஓர் அம்மா அங்கிருந்தே கேட்டார். "இன்னா, யாராச்சும் வுழுந்துட்டாங்களா?"

"இல்லம்மா, போனு" என்றார் ஏழுமலை. "அந்தம்மாவுக்குக் காது கேக்காது, வாய் பேச மாட்டாங்க. அவங்க அம்மாவோட படம் அதுலதான் இருக்குது. அம்மா இப்ப இல்ல."

அந்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கப் போன ஏழுமலையைக் கையைக் காட்டி நிறுத்தினார். "குதிக்காதீங்க. தண்ணி கலங்கிடும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. காலால தேடலாம்."

துவைத்துக்கொண்டிருந்தவர்கள், குளிக்க வந்தவர்கள், மேலே சாலையோரம் நின்று பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். மலையில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மடுவின் அகலத்துக்கு ஒரு வரிசை. இடுப்பளவுத் தண்ணீரில், சிலருக்கு மார்பளவில், பாதத்தால் அடியைத் தடவிக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். கண்கள் எல்லாம் எங்கோ இருந்தன. முகத்தைப் பார்த்தாலே கால் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நானும் வரிசையின் ஓரத்தில் நின்றேன். என் வலது கையைப் பிடித்திருந்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

வரிசையில் மஞ்சள் துண்டு அம்மாதான் முதலில் நின்றார். கொஞ்சம் யோசிப்பதுபோல் முகம். பிறகு முங்கி எழுந்தார். கையில் கைப்பேசி.

ஜெயா அதை வாங்கியதும் பக்கத்துப் பொத்தானை அழுத்தப் போனாள். கூட்டத்தில் ஒருவர், "அமுக்க வேணான்னு சொல்லுங்க, எரிஞ்சிடும்" என்றார். இன்னொருவர் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வெயிலில் காயவைக்க வேண்டும் என்றது ஒரு குரல். அரிசிக்குள் புதைக்க வேண்டும் என்றார் ஏழுமலை, மிகவும் உறுதியாக. அரிசிக்கு எங்கே போவது?

"அரிசி இல்ல. சாமை இருக்குது" என்றார் மஞ்சள் துண்டு அம்மா. தங்கை வீட்டுக்குக் கொண்டுபோக அவர் ஒரு துணிப்பையில் சாமை வைத்திருந்தார். கைப்பேசியைத் தன் துண்டால் துடைத்து, சாமைக்குள் செருகி, பையின் வாயை முடிந்து ஜெயாவின் கையில் கொடுத்தார். பையை எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டேன். "பை தானே" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து துவைக்கப் போனார்.

இறங்கும் பேருந்து பாதி மலையில் நின்றுவிட்டது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் அந்த இடத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். இங்கே எல்லோரும் இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்தார்கள். லாரிக்காரர் சில மூட்டைகளை இறக்கி வண்டியை லேசாக்கப் பார்த்தார். பயணிகள் போய்க் கைகொடுத்தார்கள். ஒரு பெட்டிக்கடையில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் காரச் சட்னியும் கொடுத்தார்கள். மாவும் மணமுமாக, அவ்வளவு ருசியான கிழங்கை நான் தின்றதில்லை. ஜெயாவுக்கு நான்தான் ஊட்டினேன். இரண்டு கையாலும் அவள் பையைப் பிடித்திருந்தாள். கைகள் பையில் இருந்ததால் பேசவும் இல்லை. அவ்வளவு நேரம் அவள் மௌனமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கீழே அணைத் தண்ணீரில் சாயங்கால வெளிச்சம் செம்பாகக் கிடந்தது. அதன் அழகு எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அது தெரிந்ததில் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

மறுநாள் காலை நால்வரும் கள்ளக்குறிச்சி போனோம். முதலில் போன கடையில் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்கும் சார், புதுசு பாத்துக்குங்க" என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள். ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே வந்து யார் யாருக்கோ போன் செய்தார். துருகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, சுமதி என்ற பெண்ணின் கடைக்குப் போகச் சொல்லி யாரோ சொன்னார்கள்.

சுமதிக்கு முப்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தாள். வாய் ஓயாத பெண்.

"ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"சார்ஜு போட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப பாதி உசுரு இருக்குது." பையை அவிழ்த்தாள். "இன்னாங்க இது, சாமையா? எல்லாரும் அரிசில போட்டு எடுத்துக்கினு வருவாங்க. சாமைய இப்பதான் பாக்கறேன்." சார்ஜ் துளைக்குள் போயிருந்த சாமை மணிகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். "அரிசில போட்டாலும் சரி, இதுல போட்டாலும் சரி, உள்ள போன தண்ணி உள்ளதான் இருக்கும். பாருங்க."

பின்பக்கத்தைச் சூடுகாட்டிக் கழற்றினாள். உள்ளே பனி படிந்ததுபோல் ஈரம். முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினாள். பிறகு பச்சை நிறப் போர்டை எடுத்து ஒரு பூதக்கண்ணாடிக் கருவியின் அடியில் வைத்தாள். எதிரே சுவரில் மாட்டியிருந்த டிவி திரையில் அது பெரிதாகத் தெரிந்தது.

முந்தின நாள் மலையிலிருந்து கச்சிராயபாளையத்தைப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. தெருக்கள், வீடுகள், சின்னதும் பெரிதுமாகக் கட்டடங்கள், நடுவில் ஒரு பெரிய மைதானம். நகத்தளவு இடத்தில் ஓர் ஊர். இத்தனை வருடமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிற பொருளுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஓர் ஓரத்தில், சில வீடுகளின் மேல் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ பூத்திருந்தது.

ஜெயா சட்டென்று என் கையைத் தட்டினாள். "பாத்தியில் உப்பு விளைகிறபோது இப்படித்தான் ஓரத்தில் பூக்கும்."

நான் அதைச் சுமதிக்குச் சொன்னேன். சுமதி ஜெயாவைத் திரும்பிப் பார்த்தாள். "கரெக்டுதான். உப்புதான் அது. எங்க உக்காந்திருக்குதுன்னுதான் பாக்கணும்." அதன் பிறகு ஒவ்வொரு இடமாகத் துலக்கும்போதும் ஜெயா பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்தாள்.

போர்டை ஏதோ திரவத்தில் போட்டுக் கழுவினாள். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தாள். சூடான காற்றை ஊதிக் காயவைத்தாள். எங்களைச் சாப்பிட்டு வரச் சொன்னாள். தெருமுனை மெஸ்ஸில் சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

திரும்பி வந்தபோது மேசைமேல், வேறொரு பழுதான கைப்பேசியிலிருந்து எடுத்த திரையோடு எங்கள் போர்டு இணைந்திருந்தது. பேட்டரிக்குப் பதில் ஒரு பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் மின்சாரம் கொடுத்தன. சுமதி ஒரு புள்ளியில் தொட்டாள். திரை கருப்பாகவே இருந்தது. மறுபடி தொட்டாள். கம்பெனிப் பெயர் வந்தது. பிறகு பூட்டைத் திறக்கப் புள்ளிகளை இணைக்கும் கோலம் கேட்டது. ஜெயா அதைப் போட்டாள். அம்மாவின் முகம் பின்னணிப் படமாக வந்து நின்றது.

அலமேலு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்தோசப்படாதீங்க, இருங்க" என்றாள் சுமதி. "ஒரு சிப்பு கொதிக்குது. கையே வைக்க முடியல. எவ்ளோ நேரம் தாங்கும்னு சொல்ல மாட்டேன். இன்னா வேணுமோ மொதல்ல எடுத்துக்குங்க."

எடுப்பது எப்படி என்பதுதான் சிக்கல். கேபிள் போடும் துளை வேலை செய்யவில்லை. வைஃபை வரவில்லை, புளூடூத்தும் அதோடு போயிருந்தது. மெமரி கார்டு போட்டு எடுக்கலாமே என்றார் ஏழுமலை. கார்டு வைக்கிற இடம்தான் அதிகமாக அரித்திருந்தது. இணையத்தில் எங்கேயாவது சேமிப்பில் ஏறியிருக்குமா என்று சுமதி கேட்டாள். இடம் நிரம்பிவிட்டது என்று அந்தக் கைப்பேசி பல மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் எதுவும் ஏறியிருக்கவில்லை.

எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அலமேலுதான் தன் கைப்பேசியை எடுத்து, அந்தத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். ஓடவிடு, நான் படம் பிடிக்கிறேன்.

சுமதி தலையை ஆட்டினாள். "படம் வரும். ஆனா சவுண்டு வராதுங்க. ஸ்பீக்கரு சுத்தமா போச்சு."

ஒரு கணம் கழித்துச் சுமதிக்கே புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள், திரையில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க. ரீசார்ஜ் செய்ய வந்திருந்த ஒருவர் அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து ஜன்னல் பக்கம் மறைத்துப் பிடித்தார். சுமதி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தக் கொதிக்கிற சிப்பின்மேல் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

ஜெயா முதல் வீடியோவைத் தொட்டாள். உப்பளத்துக் கொட்டகை வாசலில் அம்மா. வெயிலில் கருத்த, விரல் கணுக்கள் புடைத்த கைகள். கருவாடு காயவைத்தபோது காகம் தூக்கிக்கொண்டு போன கதை. கைகளே காகமாகின, கருவாடாகின, துரத்துகிற அம்மாவாகின. மொழி தெரியாத ஏழுமலையும் சிரித்துவிட்டார். ரீசார்ஜுக்கு வந்தவரும் சிரித்தார். அடுத்ததில் அம்மா என்னைப் பற்றி ஏதோ சொன்னார்; மூக்கின் நுனியைத் தடவினால் அது நான். ஜெயா விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவென்று கேட்டேன். பிறகு சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.

ஒன்று முடிந்ததும் அடுத்தது. அலமேலுவின் கை சற்றும் ஆடவில்லை. எதை விடுவது, எதை எடுப்பது என்று ஜெயா யோசிக்கவே இல்லை. எது வேண்டும் என்பது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. பெரும்பாலானவை வந்துவிட்டன என்று நான் நினைக்கத் தொடங்கியபோது, அவள் ஒரு நீளமான வீடியோவைத் தொட்டாள். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். நோய் தெரிந்தது. கைகள் மெதுவாக அசைந்தன. அதனால் எனக்கும் புரிந்தது.

நீ கைக்குழந்தை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். எல்லோரும் என்னென்னவோ சொன்னார்கள். உன்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நான் அழுதுகொண்டே இருந்தேன். ஒருநாள் பாத்திக் கரையில் உட்கார்ந்து உனக்குக் கஞ்சி ஊட்டினேன். கிண்ணம் காலி. அப்போது நீ.

திரை அணைந்தது.

சுமதி ஒயரைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். சிப்புக்கு இப்போது சூடு காட்டிப் பார்த்தாள். மின்பெட்டியின் எண்கள் அசையவே இல்லை. அலமேலு படம் பிடிப்பதை நிறுத்தாமல் கருப்புத் திரையின்மேல் கைப்பேசியைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னா சொல்லிக்கினு இருந்தாங்க அந்தம்மா?" என்று சுமதி என்னிடம் கேட்டாள். நான் புரிந்த வரைக்கும் சொன்னேன். "கிண்ணம் காலி. அப்புறம்?"

அப்புறம் எனக்குத் தெரியாது. ஜெயாவைப் பார்த்தேன்.

அவள் அழவில்லை. என் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். தன் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் என் மணிக்கட்டை இரண்டு முறை தட்டினாள். பிறகு என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள், கைக்குழந்தை பார்ப்பதுபோல. அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்த பள்ளிக் கைமொழியில் சொன்னாள்:

"இன்னும் வேண்டும். நான் சொன்ன முதல் வார்த்தை இது. அம்மா எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகத் தட்டினேனாம். அன்றைக்குத்தான் அம்மா அழுவதை நிறுத்தினாளாம். இந்தப் பிள்ளை பேசுகிறது, நான்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று."

நான் சத்தமாக மொழிபெயர்த்தேன். அட்டை பிடித்திருந்தவர் அதைக் கீழே வைக்க மறந்துபோயிருந்தார். அலமேலுவின் கைப்பேசி எப்போது ஜெயாவின் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை. அவள் சொன்னது எல்லாம் அதில் பதிவாகியிருந்தது.

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு தபா பாக்கறேன்" என்று மறுபடி குனிந்தாள். மாலை வரை பார்த்தாள். அந்தக் கைப்பேசி எழவில்லை. செத்த போர்டை ஒரு சின்ன உறையில் போட்டு ஜெயாவிடம் கொடுத்தாள். அந்த இரண்டு தட்டலை எப்படிச் செய்வது என்று ஜெயாவிடம் கேட்டு, தன் மணிக்கட்டில் தானே செய்து பார்த்தாள்.

ஊருக்குக் கிளம்பும் நாள், வந்து இறங்கிய அதே நிலையத்தில் பேருந்து ஏறினோம். ஏழுமலை எங்கள் காலடியில் ஒரு கட்டுக் கரும்பையும் ஒரு பை மரவள்ளிக் கிழங்கையும் திணித்துவிட்டு, "வூட்டுக்குப் போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க சார்" என்றார். அலமேலு ஜன்னலுக்குக் கீழே நின்றாள். இரண்டு பேரும் நிறையப் பேசினார்கள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியதும் பேச்சு நின்றது.

அலமேலு எம்பி, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, ஜெயாவின் மணிக்கட்டை இரண்டு முறை தட்டினாள்.

ஜெயா திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தாள். வண்டி நகர்ந்து, அலமேலு தூரத்தில் ஒரு புடவை நிறமாக ஆகும் வரை அவள் அந்தக் கையை ஜன்னலிலிருந்து எடுக்கவே இல்லை. அம்மாவுக்கு அடுத்து அந்த வார்த்தையை அவளிடம் சொன்ன முதல் ஆள் அலமேலுதான்.